செம்மண் மேட்டில் ஏறியவர்

பாலேஸ்வரியின் விமானம் வந்து இறங்குவது மாலை ஐந்து மணிக்கு. சச்சிதானந்தனோ விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, குளித்து, சவரம் செய்து, டொரண்டோவில், பார்க்டேல் அபார்ட்மெண்டின் அந்த ஒற்றை அறையை மூன்றாம் தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் பெண்சாதியைப் பிரிந்து எப்படியோ தள்ளிவிட்டவனுக்குக் கடைசிப் பன்னிரண்டு மணித்தியாலம் தாங்க முடியவில்லை.

கூட இருந்த இக்னேசியஸ் போர்வைக்குள் இருந்து தலையை நீட்டினார். எயார்போட்டுக்குக் கார் ஓட்டப்போகிறவர் அவர்தான்.

"ஐசே, உப்பிடியே கூட்டினீர் எண்டால் நிலம் தேஞ்சு கீழ்வீட்டுக்காரன்ரை தலையிலை விழுவம். சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கையாவது போட்டு வாரும். மூண்டு மணிக்கு இஞ்சை நிக்கவேணும், விளங்குதோ?"

"ஓம் அண்ணை. பன்னெண்டுக்கே வந்திடுவன்."

சைக்கிள் என்றால் அவனுக்கு உயிர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஓட்டப் போட்டியில் இரண்டு வருஷம் முதலாவதாக வந்தவன். இங்கே ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் முதலில் வாங்கியது குளிர்ச் சப்பாத்து அல்ல, ஒரு பழைய பத்துக் கியர் ரேசிங் சைக்கிள். அதைச் சொல்லி இக்னேசியஸ் இன்னும் சிரிப்பார். அந்த ரெஸ்டோரண்டின் இத்தாலியச் சமையற்காரன் சனிக்கிழமைகளில் சைக்கிளில் தூர இடங்களுக்குப் போகிறவன். நகரத்துக்கு வடமேற்கே, கலிடன் பக்கம் ஒரு இடம் இருக்கிறது, அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து வைத்தமாதிரி எல்லாம் சிவப்புப் பாறை, ஒருநாளைக்குப் போய்ப் பார் என்று பில்லின் பின்பக்கத்தில் வழி கீறிக் கொடுத்திருந்தான். 1987 யூலை மாதத்துச் சனிக்கிழமை அது. வெயில் நன்றாக எறித்தது. சச்சிதானந்தன் அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான்.

ஒன்பதரை மணிக்கு அந்தப் பாறைகள் கண்ணில் பட்டன.

ஏற்றத்தின் இடதுபக்கம் முழுக்கச் சிவப்பு. ஒரு புல் இல்லை, ஒரு பற்றை இல்லை. திட்டி திட்டியாகச் செம்மண் பாறை உருண்டு கிடந்தது, இடையிடையே சாம்பல் பச்சையாகக் கோடுகள் ஓடின. சச்சிதானந்தன் இறங்கி, வேலியோடு சைக்கிளைச் சாத்தி, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுத் தோலைத் தெருக்கரையில் போட்டான். அப்போதுதான் கவனித்தான். அவ்வளவு நேரமும் வயல்களில் கத்திக்கொண்டுவந்த குருவிகள் இங்கே கத்தவில்லை. காற்றும் இல்லை. சூடேறிய மண்ணின் மணம் மட்டும் மூக்கில் ஏறியது.

பார்த்தாயிற்று, போவோம் என்று சைக்கிளைத் திருப்பினான்.

தெருக்கரையில் ஒருவர் நின்றார்.

தமிழ் முகம்.

அந்த நாளில் டொரண்டோவில் இருந்தவர்களுக்குத்தான் இது விளங்கும். பஸ்ஸில், கடையில், தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு தமிழ் முகம் தெரிந்தால் போதும், செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் "தமிழோ? எவ்விடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. யார், என்ன என்று யோசிக்கிற பழக்கம் யாருக்கும் இருக்கவில்லை. அவ்வளவு தனிமை. நகரத்தைவிட்டு அறுபது கிலோமீட்டர் தள்ளி, வயல் செய்கிற வெள்ளைக்காரக் கமக்காரர்களின் தெருவில் ஒரு தமிழர் நின்றால் சச்சிதானந்தன் நிற்காமல் போவானா?

"அண்ணை, தமிழோ?"

"ஓம்."

"எவ்விடம்?"

அவர் பாறைகளைத் திரும்பிப் பார்த்தார். யூலை வெயிலில், கழுத்துவரை பொத்தான் பூட்டிய மொத்தமான பனிக்காலக் கோட்டு போட்டிருந்தார். முகத்தில் ஒரு துளி வேர்வை இல்லை.

"இஞ்சை எப்பிடி அண்ணை வந்தனீங்கள்?"

"ஒராள் ஏத்திக்கொண்டு வந்தவர். அவரும் சைக்கிள்தான்."

"இப்ப எங்கை போகவேணும்?"

"உதிலைதான்."

"கிட்டத்தானே, அப்ப ஏறுங்கோவன், விட்டிட்டுப் போறன்."

ரேசிங் சைக்கிளுக்குக் கரியர் இல்லை. கனடாவில் எவனும் அதில் ஆளை ஏற்றமாட்டான். ஆனால் யாழ்ப்பாணத்துச் சைக்கிள்காரனுக்கு முன்பார் இருந்தால் போதும். ஹாண்டிலுக்கும் சீற்றுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குழாயில் அவர் பக்கவாட்டாக ஏறி இருந்தார். சச்சிதானந்தன் கால்களைப் பெடலில் வைத்து, பாதத்தைப் பெடலோடு கட்டுகிற தோல்வாரை இறுக்கினான். பாரமே தெரியவில்லை. ஆள் ஏறினாரோ இல்லையோ என்றுகூட ஒருகணம் குனிந்து பார்த்தான்.

முதல் ஏற்றத்தில் பாரம் தெரிந்தது. இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு வாங்கியது.

"எவ்விடத்திலை அண்ணை இறக்க?"

"உதிலைதான்."

ஏற்றத்தின் உச்சிக்கு வந்ததும் இடதுபக்கம் சிவப்பாகத் தெரிந்தது.

அதே பாறைகள். வழி மாறிவிட்டோம் போல என்று நினைத்தான். சமையற்காரன் கீறிய வழிப்படத்தை ஞாபகப்படுத்தி, அடுத்த சந்தியில் வலதுபக்கம் திரும்பினான். வயல், ஒரு பழைய களஞ்சியம், இறக்கம், ஏற்றம்.

சிவப்பு.

தெருக்கரையில் வாழைப்பழத் தோல் கிடந்தது. கறுத்துப் போயிருந்தது.

மணிக்கூட்டைப் பார்த்தான். பன்னிரண்டே கால். இரண்டு வளைவுக்கு இரண்டே முக்கால் மணித்தியாலமா?

"அண்ணை, கொஞ்சம் இறங்குங்கோ. வழியைப் பாப்பம்."

முன்னால் இருந்தவர் அசையவில்லை. அவன் பிரேக்கைப் பிடித்தான். ரப்பர் சில்லில் உரசும் சத்தம் கேட்டது, சைக்கிள் நிற்கவில்லை. மிதிப்பதை நிறுத்தினான். பெடல்கள் அவன் கால்களையும் இழுத்துக்கொண்டு தாமே சுற்றின. குனிந்து தோல்வாரைக் கழற்றப் பார்த்தான். கழற்றுவதற்கு அந்தக் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டவேண்டும்.

நீட்ட முடியவில்லை. பயமாக இருந்தது.

எதிரே ஒரு நீலக் கார் வந்தது. "ஹெல்ப்! ஹெல்ப் மீ!" என்று தொண்டை கிழியக் கத்தினான். முன்சீற்றில் இருந்த வெள்ளைக்காரப் பெண் கண்ணாடியை இறக்கி, சந்தோஷமாகக் கையசைத்தாள். தனியாகச் சைக்கிள் ஓடுகிற ஒருவனைப் பார்த்துக் கையசைப்பதுபோலத்தான் அசைத்தாள். கார் இறக்கத்தில் மறைந்தது.

சிவப்பு. தோல். வயல். சிவப்பு.

இரண்டு மணி. இரண்டே முக்கால்.

தெரிந்த தேவாரத்தை முதலில் சத்தமாகச் சொன்னான், பிறகு மனதுக்குள் சொன்னான். நடுவில் வரி மறந்துபோனது. தண்ணீர்ப் போத்தல் எப்போதோ காலி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இக்னேசியஸ் அண்ணை இப்போது யன்னலால் எட்டிப் பார்ப்பார். திட்டுவார். நாலு மணிக்குத் தனியே எயார்போட்டுக்குப் போவாரா, இவனைத் தேடி நிற்பாரா? பாலேஸ்வரியை அவர் கண்டதே இல்லை. விலாசம் எழுதிய துண்டு ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஒரு சொல் இங்கிலீசு தெரியாமல், பிரிந்து மூன்று வருஷமான புருஷனின் முகத்தைக் கூட்டத்தில் தேடிக்கொண்டு அவள் நிற்பாள். அதை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வளர்ந்த மனிதன், வெட்கமில்லாமல் விம்மி விம்மி அழுதான்.

அப்போதுதான் முன்னால் இருந்தவர் முதல்தடவையாகத் தானாகப் பேசினார்.

"களைச்சுப் போனியள்."

மெல்லிய, அன்பான குரல்.

"இனி நான் ஓடுறன். நீங்கள் முன்னுக்கு வாங்கோ."

ஊரில் இரண்டு பேர் ஒரு சைக்கிளில் போனால் இதுதான் வழக்கம். பாதித்தூரம் ஒருவர் மிதிப்பார், மிச்சத்தூரம் பாரில் இருந்தவர் மிதிப்பார். அப்படிக் கேட்காதவன் மரியாதை தெரியாதவன். கேட்டால் மறுப்பதும் இல்லை. சச்சிதானந்தன் தன் வாழ்நாளில் நூறு தடவை "ஓம்" சொல்லி இடம் மாறியிருப்பான்.

"வேண்டாம்" என்றான்.

சிவப்பு. தோல்.

"களைச்சுப் போனியள். நான் ஓடுறன்."

"வேண்டாம் அண்ணை. கும்பிட்டன், என்னை விடுங்கோ. மனுசி வாறா."

"நான் ஓடினால் நேரத்துக்குப் போகலாம்."

மூன்று இருபது. ஏற்றத்தின் உச்சியில் மறுபடியும் அந்தச் சிவப்பு கண்ணைக் குத்தியது.

"நேரத்துக்குப் போகலாமோ?"

"ஓம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப ஓம்" என்றான் சச்சிதானந்தன்.

எப்படி மாறினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. சைக்கிள் நிற்கவில்லை. பின்தொடையில் பாரின் இரும்பு உறுத்தியது. இரண்டு பக்கத்தாலும் கோட்டுக் கைகள் வந்து ஹாண்டிலைப் பிடித்திருந்தன. கோட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தான். வலது பெருவிரலில், ரெஸ்டோரண்டில் கொதித்த எண்ணெய் பட்ட தழும்பு.

அவை அவனுடைய விரல்கள்.

தெரு நேராகிவிட்டது. குருவிகள் கத்தின. வயல்கள் போய்ப் பெற்றோல் செட் வந்தது, பிளாசா வந்தது, பெருந்தெரு வந்தது, ஏரிக்காற்று வந்தது. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கப் பார்க்டேல் அபார்ட்மெண்டின் வாசல் வந்தது. சச்சிதானந்தனுக்கு உயிர் திரும்பி வந்தமாதிரி இருந்தது. பாரில் இருந்து குதிக்கப் பார்த்தான்.

குதிக்கக் கால் இல்லை.

அவனுடைய கால்கள் சைக்கிளைவிட்டு இறங்கின. அவனுடைய கைகள் சைக்கிளைப் பூட்டின. அவன் மட்டும் இறங்கவில்லை. சைக்கிள் வாசலிலேயே நிற்க, அந்த இரும்பும் இரண்டு பக்கத்துக் கோட்டுக் கைகளும், அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தபடி, அவனோடு படியேறின.

இக்னேசியஸ் பாய்ந்து வந்தார். "எங்கை ஐசே போய்த் துலைஞ்சனீர்? நான் பொலிசுக்கு அடிக்கப் பாத்தன்!"

"வழி மாறிப்போச்சு அண்ணை" என்றது சச்சிதானந்தனின் வாய்.

எயார்போட்டில் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் அவள் வந்தாள். நீலச் சேலை, அதற்குமேல் யாரோ இரவல் கொடுத்த சுவெட்டர், கையில் ஒரு பிரயாணப் பை. கூட்டத்தைத் துழாவிய கண்கள் அவன் முகத்தில் வந்து நின்றன. பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். மூன்று வருஷமாக இந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவன் ஒவ்வொரு இரவும் நினைத்தபடி படுத்தான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதபோது அந்தத் தோளில் அவனுக்கு ஒன்றும் படவில்லை.

பாலா, ஓடு என்று கத்தினான். நான் இல்லை இது, ஓடு. குரல் எழும்பவில்லை.

"நல்லா மெலிஞ்சிட்டியள்" என்றாள்.

"சமைக்க ஆளில்லைத்தானே" என்றது வாய். இக்னேசியஸ் பெரிதாகச் சிரித்தார்.

காரின் பின்சீற்றில் இருவரும் இருந்தார்கள். பெருந்தெருவில் பாய்ந்த கார்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தவளின் கையை அவனுடைய கை எடுத்துப் பிடித்தது. கொஞ்சத்தூரம் போனதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்ய அவள் கையை இழுத்தாள். பிடி விடவில்லை. மறுபடி இழுத்தாள். இறுகியது. அவளுடைய விரல்கள் வெளிறிப்போவதைச் சச்சிதானந்தன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலேஸ்வரி, கார் ஓட்டிய இக்னேசியஸுக்குத் தெரியாமல் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நோவு கண்ணில் தெரிந்தது. மூன்று வருஷத்து ஏக்கம் என்று நினைத்திருப்பாள். கையை அப்படியே விட்டுவிட்டு, அவன் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"இனி என்னை விட்டிட்டு எங்கையும் போகமாட்டியள்தானே?"

"இல்லை" என்றது வாய். "இனி விடமாட்டன்."