எட்டு பத்துக்கு ஒரு சிவப்பு

போன் அடித்தது.

டெஸ்ட் ஷீட்டில் 'ஃபெயில்' என்று எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. தெரியாத நம்பர்.

"ஹலோ?"

"மேடம்... திங்கக்கிழமை காலைல எட்டு பத்து. ஞாபகம் இருக்கா?"

அவள் பேனாவை மூடினாள்.

"யார் பேசறது?"

"பாலத்துக்குக் கீழ இருக்கற சிக்னல். உங்க வெள்ளைக் கார். சிவப்பு லைட். நீங்க தாண்டினப்ப பளிச்சுனு ஒரு வெளிச்சம் அடிச்சுதே... பாத்தீங்க இல்ல?"

பார்த்தாள்!

பார்த்ததிலிருந்து மூன்று நாளாக அவளுக்குத் தூக்கம் இல்லை.

அவள் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தின் மூத்த சோதனை அதிகாரி. டெஸ்டுக்கு வருகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பாஸா ஃபெயிலா என்று எழுதித் தருகிற வேலை. இருபத்தோரு வருடமாக அதே சீட். பாஸ் போடுவதற்கு அவளுக்குக் கை வராது. அதனால் ஊர் வைத்த பெயர் 'ஃபெயில் மேடம்'.

அப்பேர்ப்பட்ட ஃபெயில் மேடம் திங்கட்கிழமை ஒரு லாரியின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். லாரியின் முதுகு சிக்னலை மறைத்தது. கண்ணில் வெயில். லாரி போனது, அவளும் போனாள். கோட்டைத் தாண்டியதும் பளிச்சென்று ஒரு வெளிச்சம். பாதி சாலையில் நிமிர்ந்து பார்த்தால்... சிவப்பு!

அபராதம் கட்டுவது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அவள் துறையில் ஒரு விதி உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டியதாக நோட்டீஸ் வந்தால், அந்தச் சோதனை அதிகாரி மறுபடி டெஸ்ட் காரில் ஏறக்கூடாது. நேராக ஃபைல் அறைக்கு மாற்றல். ஓய்வு பெறும்வரை தூசு தட்டலாம்.

"என்ன வேணும் உங்களுக்கு?" குரலைக் கனமாக்கிக் கேட்டாள்.

"போட்டோ என் கைல இருக்கு மேடம். அது நோட்டீஸா மாறி உங்க வீட்டுக்கு வரணுமா, இல்ல குப்பைக் கூடைக்குப் போகணுமா... அது உங்க கைல இருக்கு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒருத்தருக்கு டெஸ்ட். அவர் பாஸாகணும். அவ்வளவுதான்."

"நான் அப்படியெல்லாம்..."

லைன் செத்துப்போயிருந்தது.

அவள் வெள்ளிக்கிழமைப் பட்டியலைப் பிரித்தாள். விரல் பதினொரு மணிக்கு வந்து நின்றது.

ஆறாவது முயற்சி.

ஆள் உடனே ஞாபகத்துக்கு வந்தான். ஒல்லி, கசங்காத சட்டை, வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்'. ஐந்து தடவையும் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தவன். ஐந்து தடவையும் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போனவன்.

சரி, லைசென்ஸுக்காக மிரட்டுகிறான். ஆனால் கேமராவில் விழுந்த போட்டோ அவனுக்கு எப்படிக் கிடைத்தது? யாரோ உள்ளே இருந்து கொடுத்திருக்க வேண்டும். அவள் மாட்டிக்கொண்டால் சந்தோஷப்படுகிற யாரோ...

அப்படி ஒருத்தர் இருந்தார்.

*

ஃபைல் அறையில் ஒற்றை விளக்கு. அதன் கீழே, போன வருஷம்வரை அவளுக்குப் பக்கத்து மேஜையில் இருந்த சோதனை அதிகாரி பழைய உறைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சிவப்பைத் தாண்டியதைப் பார்த்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டவள் இவள்தான்.

"வாங்க மேடம். வழி தவறிட்டீங்களா?"

"உங்களுக்குக் கேமரா ஆபீஸ்ல யாரையாவது தெரியுமா?"

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நிதானமாக அவளைப் பார்த்தார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"நீங்க சும்மா எதையும் கேக்க மாட்டீங்களே." அவர் எழுந்து ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. முகம் வெளுத்துப் போயிருக்கு. தண்ணி வேணுமா?"

அந்தக் கரிசனம்தான் அவளுக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. தன்னை இந்த இருட்டுக்குள் தள்ளியவளுக்கு எவனாவது தண்ணீர் கொடுப்பானா? கொடுக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

"என் மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?" நேராகவே கேட்டாள்.

"முதல் மாசம் இருந்துச்சு மேடம். உங்களை நினைச்சு நினைச்சுப் பல்லைக் கடிச்சேன். அப்புறம் பல்லு வலிக்க ஆரம்பிச்சுது, விட்டுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. படியேறும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் போனை எடுத்து யாருக்கோ டயல் செய்துகொண்டிருந்தார்.

*

வீட்டிலும் நிம்மதி இல்லை.

தபால் வரும் நேரத்துக்கு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். கடிதப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒரு பழுப்பு உறை வந்திருந்தது. அவசரமாகக் கிழித்தாள். தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவரின் விளம்பரம்.

"ஏம்மா, மூணு நாளா பாக்கறேன். யார்கிட்ட இருந்து லெட்டர்?" கணவர் பின்னால் நின்றார்.

"யார்கிட்ட இருந்தும் இல்ல."

"இல்லாத லெட்டரையா இப்படிப் பறந்து பறந்து தேடற?"

"நீங்க ஏன் என்னையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

"சரி தாயே, பாக்கலை." அவர் உள்ளே போய்விட்டார். இரவு சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இருபது வருடமாக அவர் வண்டி ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னவள் அவள். எந்த முகத்தோடு சொல்வது?

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டாள். போக்குவரத்துக் காவல் அலுவலகத்தின் அபராதக் கவுன்ட்டரில் போய் நின்றாள்.

"ஒரு தகவல் வேணும். என் சிநேகிதி ஒருத்தி, பாலத்துக்குக் கீழ இருக்கற சிக்னல்ல தெரியாம சிவப்பைத் தாண்டிட்டா. நோட்டீஸ் எத்தனை நாள்ல வரும்?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"வராது."

"வராதா?"

"அங்க கேமராவே இல்லைங்க. ரிப்பேருக்குக் கழட்டி ரெண்டு மாசம் ஆச்சு. வெறும் டப்பாதான் தொங்குது. இப்போதைக்கு மார்க்கெட் முனையில மட்டும்தான் கேமரா ஓடுது. உங்க சிநேகிதியை நிம்மதியா தூங்கச் சொல்லுங்க."

வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நோட்டீஸ் இல்லை! அபராதம் இல்லை! ஃபைல் அறை இல்லை!

பத்து அடி நடந்தாள். பதினோராவது அடியில் நின்றாள்.

கேமரா இல்லை என்றால்... அந்த வெளிச்சம் யாருடையது?

போன் அடித்தது.

"மேடம், எங்கெங்கயோ போய் விசாரிக்கறீங்க போலிருக்கு." அதே குரல். "கேமரா அரசாங்கத்துதா என்னுதான்னு பாக்காதீங்க. போட்டோ போட்டோதான். உங்க மேலதிகாரிக்கு அனுப்பினா போதும். நாளைக்குப் பதினொரு மணி. மறந்துடாதீங்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள். சாலை முழுக்க மனிதர்கள். பாதிப் பேர் காதில் போன்.

போலீசிடம் சொல்லலாம். சொன்னால் போட்டோ வெளியே வரும். இருபத்தோரு வருடம் போய்விடும். சொல்லாவிட்டால் வண்டி ஓட்டத் தெரியாத ஒருவன் அவள் கையெழுத்தோடு தெருவில் இறங்குவான். எந்தக் குழந்தையின் மேல் ஏற்றுவானோ!

*

வெள்ளி. பதினொரு மணி.

"வணக்கம் மேடம்." கசங்காத சட்டை. கன்னத்தில் சிரிப்பு.

டெஸ்ட் கார் நின்றது. கூரையில் பயிற்சிப் பலகை, கதவில் அலுவலக முத்திரை. அவளுடைய பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு ஆக்ஸிலரேட்டர் உண்டு. கற்றுக்குட்டிகள் கைவிடும்போது அவள் பிடித்துக்கொள்வதற்காக.

"ஏறுங்க" என்றாள். "ஒழுங்கா ஓட்டினா பாஸ். இல்லன்னா இல்ல. போட்டோவை யாருக்கு வேணும்னாலும் அனுப்பிக்கோங்க."

ராத்திரி முழுக்க யோசித்து எடுத்த முடிவு அது.

அவன் தலையாட்டினான். "நியாயம்தான் மேடம்."

அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டான்! மிரட்டியவன் ஏன் வாதாடவில்லை?

ஓட்டினான். கண்ணாடி பார்த்தான். இண்டிகேட்டர் போட்டான். தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். ஐந்து தடவை மறந்த அத்தனையும் இன்று கச்சிதமாக வந்தது. அவள் பேனா ஷீட்டின் மேல் வேலையில்லாமல் நின்றது.

வழக்கமான பாதை. வழக்கமான நேரம். பதினொன்று பன்னிரண்டுக்கு நகைக் கடைத் தெரு.

"ஓரமா நிறுத்துங்க" என்றாள். ஓரமாக நிறுத்தி எடுப்பது டெஸ்டில் ஒரு பகுதி. எப்போதும் இதே இடம்தான்.

நிறுத்தினான். பெரிய நகைக் கடை ஒன்றின் பக்கவாட்டுக் கதவுக்கு எதிரே.

பின் கதவு திறந்தது!

ஹெல்மெட் போட்ட ஒருவன் கறுப்புப் பை ஒன்றைப் பின் சீட்டில் வைத்தான். கதவைச் சாத்தினான். அவசரமே இல்லாமல் கூட்டத்தில் நடந்து போனான். அடுத்த விநாடி கடைக்குள் அலாரம் அலறியது.

"என்னது அது?" அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"டெஸ்ட்டைக் கவனிங்க மேடம்." கண்ணாடி பார்த்தான். இண்டிகேட்டர் போட்டான். வண்டியை எடுத்தான். "அஞ்சு தடவை இந்த வழியா உங்களோட வந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் பதினொன்னு பன்னண்டுக்கு இங்க நிறுத்தினீங்க. டெஸ்ட் கார்ல யார் இருக்காங்கன்னு ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கலை. அப்பத்தான் தோணுச்சு."

லைசென்ஸ் இல்லை... அவன் கேட்டது லைசென்ஸே இல்லை. பக்கத்தில் ஒரு அதிகாரி. அதுவும் வாயைத் திறக்க முடியாத அதிகாரி!

எதிரே போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். பைக்குகளை மடக்கினார்கள். ஹெல்மெட்டுகளைக் கழற்றச் சொன்னார்கள். டெஸ்ட் காரைப் பார்த்த ஒருவர் அவளுக்கு மரியாதையாகக் கையசைத்து வழிவிட்டார்.

"சிரிங்க மேடம்" என்றான் அவன். "கத்தினா நாம கூட்டாளின்னுதான் நினைப்பாங்க. போட்டோ வேற இருக்கு."

அவள் சிரித்தாள்.

மார்க்கெட் முனை வந்தது. நடுவில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர். தேடுதலுக்காகக் குறுக்குச் சாலை முழுவதையும் கைகாட்டி நிறுத்தியிருந்தார். ஒரு வண்டி நகரவில்லை. ஒரு ஆள் கடக்கவில்லை.

மஞ்சள் விழுந்தது. பின்பு சிவப்பு.

அவன் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மரியாதையாக விலகியது.

அவள் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது!

"மேடம்..."

கோட்டைத் தாண்டிக் கார் சீறியது. கம்பத்தில் கேமரா பளிச்சிட்டது. போலீஸ்காரரின் விசில் காதைக் கிழித்தது. நட்ட நடுச் சாலையில் அவள் பிரேக்கின் மேல் ஏறி நின்றாள். பின் சீட்டிலிருந்த பை எகிறிக் கீழே விழுந்தது.

அவன் கதவைத் திறந்தான். வெளியே சீருடை நின்றது.

"சிவப்பு எரியறது தெரியலையா?" போலீஸ்காரர் இரைந்தார்.

"தெரிஞ்சுதான் தாண்டினேன் சார்" என்றாள். "அந்தப் பையைத் திறந்து பாருங்க."

*

கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். நகைகள் மேஜைவிரிப்புபோல் பானெட்டின் மேல் பரவிக்கிடந்தன. ஹெல்மெட்காரனும் இரண்டு தெரு தள்ளி அகப்பட்டிருந்தான்.

"பிரமாதம் மேடம். ஆனா இவன் போன்ல மிரட்டினான்னு சொல்றீங்களே, அப்பவே ஏன் எங்ககிட்ட வரலை?"

ஃபைல் அறையின் ஒற்றை விளக்கு கண்ணுக்குள் எரிந்தது. அங்கே நல்ல மனசோடு ஒரு மனிதர் இருக்கிறார், ஸ்டூலும் இருக்கிறது. பரவாயில்லை.

"திங்கக்கிழமை நான் சிவப்பைத் தாண்டிட்டேன் சார். தெரியாம நடந்துச்சு. போட்டோ அவன் போன்ல இருக்கு. அதையும் எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் அவனுடைய போனைத் தடவினார். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"எதை எழுதச் சொல்றீங்க?"

"ஏன் சார்?"

"நீங்களே பாருங்க. உங்க முன்சக்கரம் கோட்டைத் தாண்டிடுச்சு. லைட்டு இன்னும் மஞ்சள்ல இருக்கு. நீங்க நடுரோட்டுல நிமிர்ந்து பாத்தப்ப சிவப்பாயிருக்கும். சட்டப்படி உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

விலங்கு மாட்டிய கையோடு அவன் சிரித்தான்.

"பத்து நாள் உங்க பின்னாடியே அலைஞ்சேன் மேடம். ஒரு தப்பு பண்ணுவீங்கன்னு பாத்தா, பண்ணவே இல்ல. வெறுத்துப்போய் சும்மா ஒரு ஃப்ளாஷ் அடிச்சேன். மிச்சத்தை நீங்களே பண்ணிக்கிட்டீங்க. ஒரு தடவையாவது போட்டோவைக் காட்டுன்னு கேட்டீங்களா?"

அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஃபைல் அறைக்காரரைச் சந்தேகப்பட்டாள். கட்டிய கணவரிடம் எரிந்து விழுந்தாள். அந்தச் சிவப்பை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

"இன்னிக்குத் தாண்டினதுக்கு நான் லெட்டர் தர்றேன் மேடம், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அவனை ஜீப்பில் ஏற்றினார்.

ஏறப்போனவன் திரும்பினான். முகத்தில் நிஜமாகவே ஒரு ஏக்கம் தெரிந்தது.

"மேடம்... களவு வேற, டெஸ்ட் வேற. கண்ணாடி, இண்டிகேட்டர், நிறுத்தம், எல்லாம் சரியா பண்ணினேன் இல்ல? மனசாட்சியோட சொல்லுங்க. நான் பாஸா?"

ஃபெயில் மேடம் பேனாவைத் திறந்தாள்.

"எல்லாம் சரிதான். ஆனா பின் சீட்டுல ஏத்தின பைக்கு சீட் பெல்ட் போடலையே... ஃபெயில்!"