குயிலியின் வயிற்றறிக்கை

காலை ஏழரை மணிக்குக் குயிலியின் வயிறு பள்ளிக்கூடத்துக்கு அறிக்கை அனுப்பியது. செவ்வாய்க் கிரகத்துப் புதுத்தென்காசியில் எல்லாப் பிள்ளைகளின் வயிறும் அப்படித்தான் அனுப்பும். பிறந்த மாதமே குடலில் அரிசியளவு ஓர் உணரியைப் பொருத்திவிடுவார்கள். அதற்குக் குடல்மணி என்று பெயர். பிள்ளை என்ன தின்றது, எது சேரவில்லை, மனம் எப்படிக் கொதிக்கிறது என்று அது சொல்ல, அதைக் கேட்டுத்தான் பள்ளிக் கதவு திறக்கும். அன்றும் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

"இந்த மாசத்துல ஒன்பதாவது தடவங்க," என்றாள் தவமணி கணவனிடம், ஆறு வயது மகளின் கையைப் பிடித்தபடி.

முந்தின வாரம் குயிலி பக்கத்துப் பெண்ணைக் கடித்து வைத்திருந்தாள். உணவு ஒவ்வாமைதான் காரணம் என்று பள்ளி முடிவுகட்டியது. ஒரு மண்டலத்துக்குள், அதாவது நாற்பத்தெட்டு நாளில், எந்த உணவு என்று கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் முரட்டுப் பிள்ளைகளுக்கென்று எண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடக்கப்பள்ளி விடுதிதான். அப்பன் அருணகிரி ஆடிப்போனான். மகள் என்றால் அவனுக்கு உயிர்.

விலக்கு விரதம் தொடங்கியது. வீட்டுக்கு ஒரே சமையற்பொறி. பிள்ளைக்கு விலக்கியதை அது பெரியவர்களுக்கும் சமைக்காது. பால், கோதுமை, நிலக்கடலை, முட்டை எல்லாம் போயின. பாலில்லாத காபி அருணகிரிக்குக் காபியே அல்ல. நாளைக்கு நாலு டம்ளர் குடித்தவன், மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேழ்வரகுக் கஞ்சி குடித்தான்.

பத்தே நாளில் விளக்கு பச்சையானது. குயிலி பாடிக்கொண்டே பள்ளிக்குப் போனாள். அருணகிரிக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

அப்புறம் விலக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார்கள். கோதுமைக்குப் பச்சை. கடலைக்கும் முட்டைக்கும் பச்சை. நாற்பதாம் நாள் பால் வந்தது. அன்று காலையே சிவப்பு.

"பால்தான் டாக்டர், சந்தேகமே இல்ல!" என்று மருத்துவமனைக்குள் நுழையும்போதே சொன்னான் அருணகிரி.

பெரியவர்கள் வயிற்றிலும் குடல்மணி உண்டு. டாக்டர் மெஹருன்னிசா வீட்டிலிருந்த மூன்று பேரின் வயிற்றறிக்கையையும் வாங்கிப் பார்த்தார்; காலையில் வீட்டில் என்ன நடக்கும் என்று தவமணியிடம் கேட்டுக்கொண்டார்.

"பாப்பாவுக்குப் பால் நல்லாவே சேருது சார். உங்களுக்குத்தான் சேரல. காபி குடிச்ச அரை மணில உங்களுக்கு வயிறு கடுக்குது. உடனே சாக்ஸ் எங்கன்னு வீடு அதிரக் கத்துறீங்க. அதக் கேட்டுத்தான் பாப்பா கொதிச்சுப்போறா."

தவமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எய்தவன் இருக்க அம்ப நொந்துட்டோமே!"

"நீங்க பால விட்டாப் போதும் சார். பாப்பா இங்கயே படிக்கலாம்."

மகளை அனுப்ப வேண்டியதில்லை. அருணகிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குயிலியை வாரியெடுத்து முத்தமிட்டான். பிறகு அந்த நாலு டம்ளர் காபி நினைவுக்கு வர, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"டாக்டர், இவளுக்குக் காது கொஞ்சம் மந்தமாக் கேக்குற மாதிரி மாத்திரை ஏதாவது இருக்கா?"

"இருக்கு. ஆனா பூமியிலேருந்து அடுத்த கப்பல் வரணும். உங்களுக்கு முன்னாடி நூத்திப்பத்து அப்பாங்க பேர் குடுத்திருக்காங்க."