ஒன்பதாம் வார்டின் விளக்கு

“யாராவது கேட்டுக்கிட்டிருந்தா போன் பண்ணுங்க. ஒருத்தராவது. பண்ணுங்கன்னா பண்ணுங்க!”

பெத்தனி மைக்கில் இதைச் சொன்னதும், எதிரே இசைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நார்மனின் கை அப்படியே நின்றது. நோயாளிகள் படுக்கையிலேயே ஹெட்போனில் கேட்கிற இந்த மருத்துவமனை வானொலிக்குச் சம்பளமில்லாமல் உழைக்க வருகிற எல்லாருக்கும் அவர் முதல் நாளே சொல்லிவிடுவார்: நோயாளி கேட்ட பாட்டைப் போடு, பேர் சொல்லி வாழ்த்து, ஆனால் யார் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் விசாரிக்காதே. அவசரமாக ஒரு பாட்டை ஓடவிட்டு மைக்கை அணைத்தார்.

“ஏன் கண்ணு இப்படிப் பண்ற?”

“ஒரு வருஷமா சுவத்துக்கிட்ட பேசிட்டிருக்கேன் நார்மன். யாரும் கேக்கலன்னா சொல்லிடுங்க, வீட்டுக்குப் போறேன்.”

“யாரும் கேக்கலைங்கிறது இல்ல என் பயம்.” தேநீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளினார்.

பெத்தனி குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. இங்கிலாந்தின் லங்காஷயரில் எந்த வானொலியும் அவளுக்கு வேலை தரவில்லை என்பதால்தான் போன டிசம்பரில் இங்கே வந்தாள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் அம்மா லொரெய்ன் சிரித்தாள்: “பேசுறதுக்கு ஒரு பட்டமா? நான் ஓசியிலயே பேசுறேன்.” பிப்ரவரியில் அந்த அம்மாவே நுரையீரல் நோயோடு ஒன்பதாம் வார்டில் வந்து படுத்தாள். கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப்பக்கம், ஸ்டூடியோ ஜன்னலுக்கு நேரெதிர். பக்கத்து நாற்காலியை வேறு யாரும் இழுத்துக்கொண்டு போகாதபடி அதன்மேல் தன் பெரிய கைப்பையை வைத்திருப்பாள். பெத்தனியைப் பார்த்தால்தான் பை கீழே இறங்கும். “பேசுறதைக் குறைடி, பாட்டைப் போடு. உன் தொணதொணப்புல நர்ஸே மாத்திரையை மாத்திக் குடுக்கிறா.”

ஏப்ரலில், நிகழ்ச்சியின் நடுவே நர்ஸ் கூப்பிட்டாள்: அம்மா தேடுறாங்க. நார்மன் சொன்னார்: “ஷோவை முடிச்சிட்டுப் போ கண்ணு, பாதியில விடக் கூடாது.” முடித்தாள். பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுகிற பாழாய்ப்போன புத்தி. அவள் போனபோது அம்மாவின் மூச்சு அடங்கி, கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நாற்காலியில் பை அப்படியே இருந்தது. அம்மாவின் காதில் இருந்த ஹெட்போனில், பெத்தனி போட்டுவிட்டு வந்த கடைசிப் பாட்டு இன்னும் மெலிதாக ஒழுகிக்கொண்டிருந்தது.

கோடையில், ஒன்பதாம் வார்டு இருந்த அந்த எதிர்ப்பக்கத்துப் பழைய கட்டடத்தைக் காலி செய்தார்கள். கட்டில்களை லாரியில் ஏற்றியதை அவளே நின்று பார்த்தாள். இப்போது மறுபடி டிசம்பர்; நாலு மணிக்கே இருட்டிவிட்டது, எதிர் ஜன்னல்கள் கரிய பள்ளங்களாகத் தெரிந்தன, வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தன, தரை கழுவும் மருந்தின் நெடியும் நோயாளிச் சாப்பாட்டின் வெந்த முட்டைக்கோஸ் வாடையும் கதவிடுக்கு வழியே வந்துகொண்டிருந்தன. அவளது ஹெட்போனில், பாட்டுக்குப் பின்னால், இன்னொன்றும் இருந்தது.

மூச்சு.

கோழை கட்டிய மூச்சு.

மேசையில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. அங்கிருந்து போன் வந்தால் எரியும். ஒன்பதின் மேல் நார்மன் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். டேப்புக்கு அடியில் இப்போது சிவப்பு.

“எடுக்காத.”

“லைனை வெட்டியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வெட்டியாச்சு. அதனாலதான் எடுக்காதங்கிறேன்.”

எடுத்தாள். மூச்சு உள்ளே போனது. வெளியே வர வெகுநேரம் ஆனது.

“பேசுறதைக் குறைடி.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்ததா பயம் வந்ததா தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

“நாற்காலி புடிச்சு வச்சிருக்கேன். இன்னும் எவ்வளவு நேரம்?”

எட்டாம் விளக்கு எரிந்தது. ஏழு. ஆறு. பழைய கட்டடம் முழுக்க.

நார்மன் மைக்கை அவள் பக்கம் திருப்பினார். “ஒருத்தர் பதில் சொன்னா எல்லாரும் சொல்லுவாங்க கண்ணு. குட் நைட் சொல்லிடு. சொன்னா போயிடுவாங்க. ஷோவை முடிச்சிட்டுப் போ.”

“ஒரு தடவை முடிச்சேன்ல?”

மைக்கைத் திறந்தாள். குட் நைட் சொல்லவில்லை. “வர்றேன்மா,” என்றாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கோட்டை எடுக்கவில்லை. பின்னால் நார்மன் கூப்பிட்டார். கதவு மூடிக்கொண்டது.

வெளியே குளிர். யாருமில்லாத கார் நிறுத்துமிடம். எதிரே, பழைய கட்டடத்தின் மின்சாரமில்லாத மாடியில் மங்கிய மஞ்சள் வெளிச்சம். ஜன்னலுக்கு ஜன்னல் கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் ஒரு தலை. எல்லாக் காதிலும் ஹெட்போன். எல்லா முகமும் அவள் பக்கம்.

அவள் நடந்தாள்.

ஒன்பதாம் வார்டில் ஒரு கை மெல்ல நீண்டு, நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்தது.