சாயும் இடத்தில் தேய்வு

காலை எட்டரைக்குள் பதினோரு வண்டிகளைப் பார்த்து முடித்தாக வேண்டும். ராணிப்பேட்டைப் பணிமனையில் குமுதவல்லியின் நாள் அப்படித்தான் தொடங்கும். ஒன்பது மணிக்கு வெப்பத்தடைச் சங்கு ஊதிவிடும். அதன் பிறகு மாலை ஐந்து வரை யாரும் திறந்த வெளியில் நடக்கக் கூடாது. கூரைக்குக் கீழே இருக்கலாம், இல்லையென்றால் ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் தானூர்திக்குள் இருக்கலாம். ஆகவே சோதனைக்கு வந்த வண்டிகளெல்லாம் சங்குக்கு முன்பே தத்தம் வீட்டு வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

அவள் சோதிப்பது வண்டியின் மோட்டாரை அல்ல, இருக்கையை. கதவைத் திறந்து, தேய்வுமானியை இருக்கைத் தோலின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போவாள். முதலில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு, பிறகு தொடை படும் இடம், கடைசியில் முதுகு சாயும் இடம். கருவி ஓர் எண்ணைக் காட்டும். அதைப் பதிந்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவாள்.

அந்தத் தோல் எந்த மாட்டின் மேலிருந்தும் உரித்ததல்ல. தொட்டியில் செல்களாக வளர்த்தது. வண்டியில் பொருத்திய பிறகும் அடியில் ஓடும் ஊட்டநீரைக் குடித்து உயிரோடு இருப்பது. உயிர்த்தோல் என்றே பெயர். வெளியே ஐம்பத்திரண்டு டிகிரி கொதித்தாலும் அது தானும் வேர்த்து, தன் மேல் உட்கார்ந்தவரையும் குளிர்வித்துக்கொண்டிருக்கும். சின்னக் கீறல்களைத் தானே ஆற்றிக்கொள்ளும். அந்த இருக்கை இல்லாத வண்டியில் பகலில் அரை மணி நேரம் போனால் நல்ல திடகாத்திரமான ஆளும் மயங்கிவிடுவார்.

ஓர் இருக்கைக்குத் தேவையான தோலை வளர்க்க ஒரு தெருவின் ஒரு வாரத் தண்ணீர் செலவாகும். அதனால் அந்தச் சட்டம் வந்தபோது யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பத்து வருடம் உழைக்க வேண்டிய தோல் இரண்டு வருடத்துக்குள் வெடித்தால், அதில் உட்கார்ந்தவர் பெயர் ‘முரட்டுப் பயணி’ பட்டியலில் ஏறும். வண்டி பறிபோகும். பிறகு அவர் பகல் முழுவதும் நான்கு சுவருக்குள் கிடக்க வேண்டியதுதான். வேலைக்குப் போக முடியாது, டாக்டரிடம் போக முடியாது.

மூன்று வருடத்தில் அப்படி நூற்றுப் பதினெட்டுப் பெயர்களை எழுதியவள் குமுதவல்லி. எழுதும்போது அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கிறது. ஊரே குடிக்க வேண்டிய தண்ணீரை இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து கிழிக்கிறார்களே என்று.

சித்திரை மாதத்தில் ஒருநாள் அவள் வீட்டு வண்டியே அவளிடம் சோதனைக்கு வந்தது. அவள் கணவன் ஏகாம்பரம் உட்காரும் இருக்கை. பொருத்திப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முதுகுப் பகுதியில் கருவியை வைத்தவுடன் அது சிவப்பாக ஒளிர்ந்தது. கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். தோல் வறண்டு, மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. விரலால் தடவினால் பொடி உதிர்ந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்து வண்டியின் தேய்வு எண்ணையே இதற்கும் பதிந்தாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் சண்டை தொடங்கியது.

“பின்பாக்கெட்ல ஸ்பேனர் கீனர் வெச்சிக்கினு உக்கார்றீங்களா?”

“இல்ல குமுதா. சும்மா சாஞ்சிகினுதான் போறேன். வேலைக்குப் போய் வர்றதே அசதியா கீது.”

“சாஞ்சா தோலு வெடிக்குமா? எத்தினி பேரு சாயுறான்! உங்க பேர நானே எழுத வேண்டி வந்தா இன்னா ஆவும்னு யோசிச்சீங்களா?”

ஏகாம்பரம் காலணியைக் கழற்றப் பார்த்தான். அது எளிதில் கழலவில்லை. சோளிங்கர் பக்கத்துச் சூரியத்தகடு வயலில் பன்னிரண்டு வருடமாக வேலை. வெப்ப உடையைப் போட்டுக்கொண்டு தகடுகளின் தூசியைத் துடைக்கும் வேலை. உடைக்குள் வேர்வை ஊற்றும். வயலில் நினைத்த நேரத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. “புது ஷூ வாங்கணும், இது சின்னதாயிடுச்சி” என்றான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மனம் முழுக்க இருக்கையில் இருந்தது.

மறுநாளிலிருந்து பணிமனையின் தோல்களிம்பை ஒரு டப்பாவில் எடுத்து வரத் தொடங்கினாள். செல்கள் நிறைந்த களிம்பு அது. வெடிப்பு தெரியும் நாட்களில் விடிவதற்குள் எழுந்து அதைப் பூசி, ஈரத்துணியைப் போர்த்தி வைப்பாள். அவன் கிளம்புவதற்குள் தோல் வழவழவென்று ஆகியிருக்கும். மூன்று மாதம் கழித்து வண்டி மறுபடி சோதனைக்கு வந்தபோது கருவி பச்சை காட்டியது. அன்றைக்குக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். தப்பித்துவிட்டோம் என்ற அழுகை.

ஆனால் மற்ற வண்டிகளில் இரண்டு வருடம் தாங்கும் களிம்பு ஏகாம்பரத்தின் இருக்கையில் தொடக்கத்திலேயே மூன்று வாரம்கூடத் தாங்கியிருக்கவில்லை. பிறகு ஒரு வாரம். பிறகு மூன்று நாள். ஆடி மாதத்தில் அவள் தினமும் பூசிக்கொண்டிருந்தாள். அவன் அதற்குள் பாதிச் சோறு சாப்பிடுகிறவனாகிவிட்டான். வேலையிலிருந்து வந்தால் தூங்கினான். “என்மேல கோவமா?” என்று ஒருநாள் கேட்டான். “வண்டில நேரா உக்காந்து போங்க, அது போதும்” என்றாள்.

களிம்பு ஏன் நிற்கவில்லை என்பதுதான் அவளை அரித்தது. ஒரு வியாழக்கிழமை, சங்கு ஊதிய பிறகு, பட்டியலில் ஏறியவர்களின் கழற்றிய இருக்கைகள் கிடந்த கிடங்குக்குள் போனாள். அவளே தள்ளுபடி செய்த இருக்கைகள். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுப் பார்த்தாள். நான்காவது இருக்கையிலேயே அவள் கை நின்றுவிட்டது.

விளிம்பு நன்றாக இருந்தது.

முரட்டுத்தனமாக ஏறி இறங்குகிறவரின் இருக்கையில் முதலில் தேய்வது விளிம்புதான். துணியும் பெல்ட்டும் சாவியும் உரசும் இடம் அது. இந்த இருக்கைகளில் அந்த இடம் புதிதுபோல் இருந்தது. வெடித்திருந்ததெல்லாம் முதுகும் தொடையும். வேர்வை ஊறும் இடங்கள். தேய்வுமானி எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் காட்டும். மூன்று வருடமாக அந்த எண்ணை மட்டும்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

ஊட்டநீரைச் சோதிக்கும் தாள்களைக் கொண்டுவந்து, வெடிப்பிலிருந்து சுரண்டிய பொடியைத் தண்ணீரில் கரைத்து நனைத்தாள். தாள் கருநீலமானது. யூரியா. அடுத்த இருக்கையிலும் கருநீலம். அதற்கடுத்ததிலும்.

மேலாளர் தாமோதரனிடம் ஓடினாள். “சார், இவங்க யாரும் சீட்ட கெடுக்கல. இவங்க வேர்வையில யூரியா மிஞ்சிப் போயிருக்கு. அது செல்லக் கொல்லுது. மனுசன் வேர்வையில அவ்ளோ யூரியா வந்தா கிட்னி கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.”

அவர் தாள்களை வாங்கிப் பார்த்தார். “இருக்கலாம்மா. ஆனா நமக்குச் சட்டம் கேக்குறது தேஞ்சிதா தேயலயா, அவ்ளோதான். ஏன் தேஞ்சிதுன்னு ஒரு கட்டமே படிவத்துல கெடயாதே.”

“எங்க வீட்டுக்காரர் சீட்டும் இப்படித்தான் சார் இருக்கு.”

தாமோதரன் நிமிர்ந்தார். “உங்க வண்டி பச்சையில வந்திச்சே?”

அவள் கைப்பேசியை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். உடம்பு சரியில்லை என்று ஏகாம்பரம் அன்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தான். நெடுநேரம் கழித்து எடுத்தான்.

“மூச்சு… வாங்குது குமுதா. படுக்க முடியல.”

“வண்டிய கூப்பிட்டு ஏறுங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் அங்க வந்துடறேன்.”

“கூப்ட்டேன். அது கெளம்பல.”

கைப்பேசி வழியாகவே அவளுக்கு வண்டியின் குரல் கேட்டது. இருக்கை குளிரவில்லை, பயணம் மறுக்கப்படுகிறது என்று அது பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தோலில் உயிர் மிச்சமில்லை. அன்று விடியலில் தனக்குத் தலைவலி என்று அவள் களிம்பு பூசியிருக்கவில்லை.

ஆம்புலன்சுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளியே நண்பகல். வெள்ளை வெயிலில் சாலை நெளிந்தது. பணிமனையில் மிச்சம் இருந்தது உதிரிப் பொருள் ஏற்றும் சாமான் வண்டி ஒன்றுதான். இருக்கையே இல்லாத வண்டி. அதில் ஆள் ஏறுவது குற்றம்.

“சார், அத குடுங்க.”

“ஆளுக்கு எதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?”

“அங்கயே கெடந்தா இன்னா ஆவும் சார்?”

தாமோதரன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு அனுமதி எண்ணைத் தட்டிவிட்டு, தன் மேசையடியிலிருந்த குடிநீர்க் குடுவையையும் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

சாக்குகளை நனைத்து வண்டித் தரையில் விரித்தாள். வீட்டு வாசலிலிருந்து ஏகாம்பரத்தை இழுத்து ஏற்றும்போது அவன் கால்கள் அவள் கையில் பட்டன. அமுக்கிய இடத்தில் விரல் குழி அப்படியே நின்றது. இந்தக் காலை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று அவளால் நினைவுகூர முடியவில்லை. வழி முழுக்கச் சாக்கை நனைப்பதும் அவன் முகத்தைத் துடைப்பதுமாக வந்தாள். “தூங்காதீங்க, என்னப் பாருங்க, என்னப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரும்புத் தரை சாக்கையும் மீறி அவள் முழங்காலைச் சுட்டது.

அவன் பிழைத்தான். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் இணைத்திருந்தார்கள்.

நஸ்ரீன் என்ற டாக்டர் அவளை வெளியே அழைத்துப் பேசினார். “ரெண்டு கிட்னியும் போயிடுச்சிம்மா. இனி வாரத்துக்கு மூணு நாள் மெஷின் வேணும். நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே நிறுத்திப் பாத்திருக்கலாம். என்ன பண்றது, இந்த நோய் ஆரம்பத்துல எந்த அறிகுறியும் காட்டாது. முத்தினப்புறம்தான் கால் வீக்கம், ஒடம்பு அரிப்புன்னு வெளிய தெரியும்.”

நான்கு மாதத்துக்கு முன்பு சித்திரை. அறிகுறி காட்டியது. குமுதவல்லியின் கண்ணுக்கு நேராக, சிவப்பு விளக்கு போட்டுக் காட்டியது. அவள் தினமும் விடியலில் எழுந்து அதைப் பூசி மறைத்தாள்.

மூன்றாம் நாள் ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். எதையும் விடவில்லை. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“பட்டியல்ல எத்தினி பேரு?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

“நூத்திப் பதினெட்டு.”

“அவங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லல.”

அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

மாலை ஐந்து மணிச் சங்கு ஊதியதும் அவள் கிளம்பினாள். பணிமனையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தாள், வேலை போயிருந்தது. ஆராய்ந்து முடிவெடுக்கக் குழு அமைக்க ஆறு மாதமாகும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பெயர்களை மட்டும் தாமோதரன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்.

முதல் வீட்டில் பூட்டு தொங்கியது. அவர் வைகாசியில் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். வண்டி இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்து கிடந்து போய்விட்டாராம். இரண்டாவது வீட்டில் ஒரு மாலை போட்ட படம். குமுதவல்லி வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

மூன்றாவது பெயர் முனிரத்தினம். கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் சட்டையில் இன்னும் கழற்றாமல் இருந்த பணிமனைச் சின்னத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவளுக்கு நகர்த்திவிட்டு, இன்னொன்றின் நுனியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

“நல்லா சாஞ்சி உக்காருங்கண்ணே.”

“வேணாம்மா. ஏழு மாசமா இப்டிதான் பழகிகினு இருக்கேன். மெத்துனு உக்கார வந்துட்டா வண்டிய திருப்பிக் குடுப்பீங்களோன்னு.” இரண்டு கைகளையும் அவள் முன் நீட்டினார். நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. “நகம்கூட வெச்சிக்கிறதில்ல, பாருங்க. சத்தியமா அந்த சீட்ட நான் கிழிக்கலம்மா. எப்டி வெடிச்சிதுன்னே தெரியல.”

“தெரியும்ணே. நீங்க கிழிக்கல.” நீட்டிய கைகளில் முழங்கை வரைக்கும் சொறிந்து சொறிந்து கருத்த தழும்புகள் இருந்தன. “இந்த அரிப்பு எப்பத்துலேர்ந்து கீது?”

முனிரத்தினம் சட்டென்று கைகளை இழுத்து மடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

“இதையும் எழுதிக்குவீங்களா?” என்று கேட்டார்.