நிலையில் பென்சில் கோடு

துவைத்தால் துணி சுருங்கும். அது ஊரறிந்த சங்கதி. துவைத்த துணி நீண்டு போனதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? ஆறாவது வாரத் திங்கட்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நீலச் சுடிதாரை மாட்டிய டீச்சர், மணிக்கட்டோடு நிற்க வேண்டிய கை விரல்நுனி வரை தொங்குவதைப் பார்த்துத் திகைத்தாள். அளவு கொடுத்துத் தைத்த சுடிதார் அது. இந்த ஊர்த் தண்ணீரும் சோப்பும் செய்த வேலை என்று பழியை அவற்றின் மேல் போட்டுவிட்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டாள்.

சம்பளமில்லாமல் நாலு மாதம், கடல் கடந்து குடியேறிய நம் ஆட்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வந்திருந்தாள். திரும்பிப் போகும்போது கிடைக்கும் சான்றிதழைக் காட்டினால் நிரந்தர வேலை உறுதி. ஐந்து வயது மகளைக் கணவனிடம் விட்டு வந்ததுதான் நெஞ்சை அறுத்தது. "எத்தனை ராத்திரி தூங்கி எழுந்தா நீ வருவே?" என்று மகள் தினமும் போனில் கேட்டாள்.

தங்கியிருந்த வீட்டைக் குறை சொல்ல வாயில்லை. அத்தை, மாமா என்று கூப்பிடச் சொல்லிவிட்டார்கள். துவைத்த துணி இஸ்திரி போட்டு மடியில் வந்து விழும். சின்னவள் என்று ஒரு பெண் குழந்தை, ஆறு வயதிருக்கும். உடம்புக்கு முடியாதவள், அதனால் பள்ளிக்குப் போவதில்லை என்றாள் அத்தை. சமையலறையில் மட்டும் எப்போதும் தரையோரமாக மெல்லிய ரீங்காரம் ஒன்று, இழுத்து இழுத்து, ஏறக்குறைய ஒரு ராகம் மாதிரிக் கேட்கும். பழைய ஃப்ரிட்ஜ் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு ஒரே ஒரு வழக்கம். ஞாயிறு காலை குளித்ததும் சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நிற்க வேண்டும்.

"செருப்பக் கழட்டிட்டு நேரா நில்லுங்க டீச்சர். வந்தவங்கள அளந்து வெச்சுக்கறது எங்க வழக்கம்."

அத்தை குள்ளம். முதல் ஞாயிறு ஸ்டூல் போட்டு ஏறித்தான் டீச்சர் தலைமேல் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள்.

"இனிமே நான் எங்க அத்தை வளரப் போறேன்?"

அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தாள். கோடு போட்ட கையோடு காபியை நீட்டிவிடுவாள். டீச்சர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை வகுப்பில், கரும்பலகையின் உச்சியில் முதல் நாள் அவளே எழுதிய 'நல்வரவு' இன்னும் அழியாமல் இருந்தது. அழிக்கக் கையைத் தூக்கினாள். ஒரு சாண் குறைந்தது. நுனிக்காலில் எம்பினாள். அப்போதும் எட்டவில்லை.

"டீச்சர் குள்ளமாயிட்டாங்க!" என்றது ஒரு வாண்டு. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

மாலை, சொல்வதெழுதுதல் நோட்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சின்னவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். பதினோரு நோட்டு திருத்தி முடித்திருந்தாள். ஒரு பிழைகூடத் தப்பவில்லை. மதிப்பெண்ணைச் சுற்றி வட்டம், அதன் கீழே பழகிய சுருக்கொப்பம்.

"யாரு கண்ணு சொல்லிக்குடுத்தது?"

சின்னவள் வாசற்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் வந்தப்ப வகுப்புல முப்பத்தஞ்சு பேரு. ஒரே மூச்சுல திருத்திடுவேன். எங்க வீட்டுக்காரர் ஊருக்குத் திரும்ப டிக்கெட்கூடப் போட்டுட்டார்."

 டீச்சர் போய்ச் சமையலறைக் கதவு நிலையைப் பார்த்தாள்.

மூன்று வரிசைக் கோடுகள், ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பு, ஒவ்வொரு கோட்டுக்கும் தேதி. பாட்டு டீச்சர், பழைய தமிழ் டீச்சர், புதுத் தமிழ் டீச்சர். பழைய தேதிகள் உயரத்தில் இருந்தன. புதிய தேதிகள் கீழே. பாட்டு டீச்சரின் கோடுகள் கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று இறங்கி, தரைக்கு நாலு விரல் மேலே நின்றுவிட்டன. பழைய தமிழ் டீச்சரின் கடைசிக் கோட்டுக்கு நேற்றுத் தேதி. அது சின்னவளின் உயரம். புதுத் தமிழ் டீச்சர் என்ற தன் வரிசையில் ஆறு கோடுகள், வாரத்துக்கு வாரம் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது.

அன்று ராத்திரி போனில் சொன்னபோது கணவன் நம்பவில்லை. "ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?" என்றான். அவள் அழுத அழுகையைக் கேட்டுவிட்டு, ஞாயிறுக்கு டிக்கெட் போட்டான். அதற்கு முன்னால் இடமில்லையாம். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த வேறு வீடும் இல்லை.

புதன்கிழமை செருப்பு காலில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அத்தை ஒரு பூப்போட்ட கவுனை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள். "இதப் போட்டுக்கோம்மா, உனக்குச் சரியா இருக்கும்." நீங்க என்பது எப்போது நீயானது என்று டீச்சருக்கு நினைவில்லை. கவுன் சின்னதாக இருந்தது. நிம்மதியில் அழுதாள்.

ஞாயிறு விடிந்தது. கவுன் கச்சிதமாக இருந்தது.

அத்தை குளிக்கப் போயிருந்தாள். மாமா எழுந்திருக்கவில்லை. பெட்டி அசையவில்லை, விட்டுவிட்டாள். பாஸ்போர்ட் போதும். போன் போதும். வாசற்கதவுக்கு ஓடினாள்.

மேல்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் அவளே திறந்த தாழ்ப்பாள். குதித்தாள். நாற்காலியை இழுத்தாள். அது நகரவில்லை. இரண்டு கையாலும் போனைப் பிடித்து வீட்டுக்கு அழைத்தாள். திரையில் மகளின் முகம்.

"அம்மாடா கண்ணு. அப்பாவக் கூப்பிடு. சீக்கிரம்."

மகள் உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, யாரோ ஒரு பாப்பா, அம்மா போன வெச்சு விளையாடறா." பிறகு திரைக்கு அருகே வந்து, கெஞ்சலாக, "பாப்பா, எங்கம்மாகிட்ட குடேன்."

குளியலறைக் கதவு திறந்தது. சோப்பு வாசனை. ஈரக் காலடி. போன் மெதுவாக அவள் கையிலிருந்து போனது.

"அம்மா அப்புறமா பேசுவாங்கடா செல்லம்," என்றாள் அத்தை திரையிடம்.

சின்னவள் ஏற்கெனவே நிலையருகே நின்றிருந்தாள். கையை நீட்டினாள். டீச்சரின் கைக்கு அது பொருத்தமாக இருந்தது.

"நிமிர்ந்து நில்லுடி தங்கம்."

ஸ்டூல் வரவில்லை. அத்தை முட்டி போட்டாள். தலைமேல் ஸ்கேல். காதருகே பென்சில் கீறும் சத்தம்.

ரீங்காரம் இப்போது தெளிவாகக் கேட்டது. ஃப்ரிட்ஜ் இல்லை. நிலைக்கும் தரைக்கும் நடுவே இருந்த பிளவிலிருந்து வந்தது. கொசுவின் சத்தத்துக்கு மேல் இல்லாத குரல். ஸ்ருதி சுத்தமாக.

அத்தை கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தாள். ஸ்கேலின் முனையைப் பிளவுக்குள் விட்டாள்.

"நீயும் வாடி. உன்ன விட்டுட்டா அளப்பேன்?"

பாட்டு நின்றது.