நான்காவது கேப்டன்

2019 ஜனவரி 14, திங்கட்கிழமை, ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டன். பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பம் முப்பத்தொன்பது டிகிரி. நெரிடாவின் வீட்டில், மகளின் அறையில் இருந்த நீலச் சண்டை மீன் நான்காவது தடவையாகச் செத்திருந்தது.

முதல் மூன்று தடவையும் அவள் ஒரே வேலையைத்தான் செய்தாள். ஐந்து வயது பிப்பா மழலையர் பள்ளிக்குப் போயிருக்கும்போது, செத்ததைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். அதே நீலத்தில், அதே நீள வாலோடு இன்னொன்றை வாங்கிவந்து தொட்டியில் விட்டாள். கேப்டன் என்ற பெயர் மாறவில்லை. அந்தத் தெருவில் பிள்ளை வளர்ப்பவர்கள் பலரும் செய்வதுதான் இது.

செத்த மீன் வழக்கமாக மேலே மிதக்கும். இது அடியில் கிடந்தது. அதன் மேல் உருண்டையான ஒரு வெள்ளைக் கல்.

தொட்டியிலிருந்து பாசி வாடை வெதுவெதுப்பாக எழுந்தது, காற்றுக்குழாய் ஒன்றும் நடக்காததுபோல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, பல் முளைக்கும் வலியில் பத்து மாத ஆஸ்கர் காலையிலிருந்து அழும் அழுகை அடுத்த அறைச் சுவரை ரம்பம்போல் அறுத்துக்கொண்டிருந்தது.

"ம்மா, கேப்டன் போயிடுச்சா?" பிப்பா கதவருகே நின்றாள்.

"தூங்குது, செல்லம்."

"பொய்யி. இன்னைக்குக் கார்ல போய் வேற வாங்கணும். முதல்ல வந்துச்சே, அதான் நல்லது. இது முரடு. கூப்பிட்டா வரவே வராது."

நெரிடாவின் கை தண்ணீருக்குள் நின்றது. "கல்லை யார் வெச்சது?"

"நான்தான். கையில பிடிச்சா வழுக்குதும்மா." ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்லித்தருவதுபோல் சிரித்தாள். "அசையாம ஆனாத்தானே நீ நல்லதா ஒண்ணு வாங்கித் தருவே?"

சுரங்கத்தில் இரண்டு வார வேலைக்குப் போயிருந்த கணவனை நெரிடா போனில் அழைத்தாள். க்ரெய்க் சிரித்தான்.

"அட, பொடிசு கண்டுபிடிச்சிட்டாளா! உன் நாடகம் இத்தனை நாள் ஓடினதே பெருசு."

"சிரிக்காதே க்ரெய்க். அவ அதைக் கொன்னிருக்கா."

"மீனுதானே, நெரி. இன்னொன்னை வாங்கிப் போடு."

பிப்பா எட்டி போனில் வாயை வைத்தாள். "டாடி, ஆஸ்கர் ராத்திரி பூரா கத்துறான். எனக்குக் காது வலிக்குது."

"பல்லு முளைக்குதுடா குட்டி. பொறுத்துக்கோ."

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நெரிடாவுக்குத் தெரிந்தது. செத்தது திரும்பி வராது. நான்தான் உன்னை ஏமாற்றினேன். அவள் மண்டியிட்டாள். மகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவளை அச்சுறுத்தியது. துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததாக ஒலித்தது.

"சாயங்காலம் பேசலாம், பிப்."

ஆஸ்கரைக் கூடத்துப் பாயில் விட்டுவிட்டு ஈரத்துணியோடு கொல்லைப்புறம் போனாள். வெயிலில் சில்வண்டுகள் கத்தின, ஒற்றைக் கம்பத்தில் குடைபோல் விரிந்த துணிக்கொடி காற்றில் மெல்லச் சுழன்று கிறீச்சிட்டது, அதற்கெல்லாம் மேலாகக் கொசுவலை ஜன்னலைத் தாண்டி அந்த அழுகை ஏறியது, இன்னும் ஏறியது, மூச்சு முட்டியதுபோல் இரண்டு தடவை விக்கியது.

நின்றது.

அப்பாடா, தூங்கிவிட்டான். அவள் தோள்கள் தளர்ந்தன. இன்னும் இரண்டு சட்டைகளை நிதானமாகக் கிளிப் போட்டு மாட்டினாள்.

பிறகுதான் கேட்டது. தண்ணீர். வீட்டுக்குள் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கூடம். பாய் காலி. நடைவழியில் ஈரக் கால்தடங்கள். சின்னவை. குளியலறையிலிருந்து வாசல்பக்கம் போயிருந்தன. ஒருவருடைய தடங்கள் மட்டும்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

திறந்தாள்.

தரையில் ஆஸ்கரைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி. குழாயில் மாட்டிய ரப்பர் குழல் அதற்குள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. வேறெதுவும் அசையவில்லை.

ஆம்புலன்ஸ் 3.51க்கு வந்தது. குழந்தை இறந்துவிட்டதாக 4.20க்குப் பதிவு செய்தார்கள். அதுவரை பிப்பாவை யாரும் தேடவில்லை.

வாசல் நிழலில் கதவு திறந்தபடி நின்ற காரின் பின்னிருக்கையில் அவள் ஷூ மாட்டி, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பியின் இருக்கை. அதைத் துடைத்து, வார்களைத் திறந்து, இரண்டு பக்கமும் ஒதுக்கி வைத்திருந்தாள்.