வெளியூர் போனவர்கள்

திரும்பி வரும் நூல்களுக்கான பெட்டிக்குள் ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. நூலகர் அம்மா கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

அன்று நூலகத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றுவதற்காக, ‘இன்று நூலகம் இயங்காது’ என்று வாசலில் அட்டை தொங்கவிட்டு, உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருந்தாள். விடுமுறை நாளிலும் யாராவது வந்து, கதவோரச் சுவரில் இருக்கும் திறப்பின் வழியே நூலைத் தள்ளிவிட்டுப் போவது உண்டுதான். ஆனால் வாசல் முழுக்கச் சரளைக்கல். பூனை நடந்தால்கூடச் சொல்லிவிடும். மழை ஓட்டின் மேல் சீராகப் பெய்துகொண்டிருந்ததைத் தவிர, ஒரு காலடி கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்தாள். ஒரு பயணநூல், ஊறி உப்பிப்போய்க் கிடந்தது. அதிலிருந்து வந்தது மழையின் மணம் அல்ல. ஆழத்திலிருந்து அப்போதுதான் வெட்டி எடுத்த மண்ணின் ஈரமணம். அந்த மணத்தை அவள் அறிவாள். நூல் எண்ணைத் தட்டியதும், இரவல் வாங்கியவரின் பெயர் திரையில் வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர். ஏழு வருடத்துக்கு முன்னால் அவருடைய குழிக்குள் அவளும் ஒரு பிடி மண் போட்டிருந்தாள்.

‘வீட்டில் யாராவது பரணிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டபோது தொலைபேசி அடித்தது.

“அக்கா, சாப்டீங்களா?”

மென்பொருள் நிறுவனத்துத் தம்பி. பதினெட்டு வருடமாக அவன் பேச்சு இப்படித்தான் தொடங்கும். முகம் பார்த்ததில்லை. ஆனாலும் கணினி முரண்டு பிடித்த நாளெல்லாம், எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு அவளுக்காக உட்கார்ந்திருக்கிறான்.

“ஆச்சுப்பா. உன் மென்பொருள் எப்ப ஏறி முடியும்?”

“ஏறிடுச்சுக்கா. புதுசு கொஞ்சம் மாமியார் மாதிரி. எதுக்கெடுத்தாலும் கேள்வி.” சிரித்தான். “பாப்பா எப்படி இருக்கா?”

“வெளியூர்ல நல்லா இருக்கா” என்றாள், வழக்கம்போல.

பதினோரு வருடமாக இதே பதில். ஒன்பது வயதில் மகள் போன பிறகு, அந்தப் பிள்ளை கடைசியாக எடுத்த நட்சத்திரப் படப்புத்தகத்துக்காக, பதினைந்து நாளுக்கு ஒருமுறை திரை சிவப்பெழுத்தில் கேட்கும்: ‘உறுப்பினரை நீக்கவா?’ அந்தப் பொத்தானை அவளால் அழுத்த முடியவில்லை. “வெளியூர் போனவங்களுக்குன்னு தனியா ஒரு பட்டியல் வெச்சுக் குடு தம்பி. அவங்களைப் பத்தி எதுவும் கேக்கக் கூடாது” என்று அவனிடம் கேட்டாள். ஏன் என்று கேட்காமல் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்தான். அதன்பின் உறுப்பினர் யார் இறந்தாலும், அட்டையைக் கொடுக்க வந்து அழுதுகொண்டு நிற்கும் வீட்டாரிடம், “நீக்க மாட்டேன்மா. வெளியூர்னு போட்டுடறேன்” என்பாள். அவர்கள் முகம் கொஞ்சம் தெளிந்து போவதைப் பார்ப்பதில் அவளுக்கும் ஒரு நிம்மதி. இரக்கத்தில் சொன்ன பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார் என்று நம்பினாள். அப்படியே நாற்பத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்.

“அந்த வெளியூர்ப் பட்டியல்தான் இழுத்தடிச்சிருச்சுக்கா,” என்றான் தம்பி. “திரும்பி வர்ற தேதி இல்லாம ஏத்தவே மாட்டேன்னிடுச்சு. எல்லாருக்கும் இன்னிக்குத் தேதியைப் போட்டு விட்டுட்டேன். தகவலும் தானாவே போயிடுச்சு.”

“என்ன தகவல்?”

“‘உங்கள் பயணம் முடிந்தது. நூலுடன் வரவும்’னு.”

தொப்.

பெட்டிக்குள் இன்னொன்று விழுந்தது.

வாசலில் யாரோ மிதியடியில் காலைத் தேய்த்தார்கள். வலது கால் இரண்டு முறை, இடது கால் ஒரு முறை. தபால்காரர் அப்படித்தான் தேய்ப்பார். அவருக்குப் பின்னால் ஒரு இருமல். பேசுமுன் மூன்று முறை மரியாதையாக இருமும் கணக்கு வாத்தியாரின் இருமல். குடை உதறும் சத்தம். கதவின் அடியிலிருந்த இடுக்கில் வெளிச்சம் ஓரிடத்தில் மறைந்தது. பிறகு இன்னோரிடத்தில். பிறகு முழுவதும்.

“தம்பி,” என்றாள். “அவங்க யாரும் வெளியூர் போகலப்பா.”

“பின்ன?”

“செத்துப் போனவங்க. இப்ப வாசல்ல வந்து நிக்கறாங்க.”



“எல்லாருமாக்கா?”

“எல்லாரும்.”

“பாப்பா…?”

அவள் பட்டியலைத் திரையில் திறந்தாள். அவன் குரல் உடைந்தது. “தேதியை இனி எடுக்க முடியாதுக்கா. நீக்கிடுங்க. ஒவ்வொரு பேரா நீக்கிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

முதல் பெயர் தபால்காரர். ‘கடவுளே, இவரை உன் பக்கத்தில் உட்கார வை’ என்று முணுமுணுத்துப் பொத்தானை அழுத்தினாள். மிதியடிச் சத்தம் நின்றது. அடுத்தது வாத்தியார். இருமல் பாதியில் அறுந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிரார்த்தனை. அவசரத்திலும் ஒருவருக்கும் அதைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கதவின் அடியில் ஒரு துளி வெளிச்சம் திரும்பி வந்தது.

நாற்பத்திரண்டு.

மழைச் சத்தம் மட்டும்.

திரையில் ஒரே ஒரு பெயர்.

“அக்கா, முடிஞ்சுதா?”

விரல் பொத்தானின் மேல் நின்றது.

சரளையில் காலடி. வெறுங்கால். ஓட்டம். பள்ளிவிட்டு அவளிடம் ஓடிவரும் அதே ஓட்டம்.

பெட்டியின் வாய் மெல்லத் திறந்தது. நட்சத்திரப் படப்புத்தகம் பாதி உள்ளே வந்தது. பாதியில் நின்றது. அவள் எழுந்து போய் அதன் ஓரத்தைப் பிடித்தாள். மறுபக்கம் விடவில்லை.

“அம்மா. நான் இன்னும் படிச்சு முடிக்கல.”

அதே ஒன்பது வயதுக் குரல்.

புத்தகத்தின் மேல் விரல்கள் தெரிந்தன. அவை ஒன்பது வயது விரல்கள் அல்ல. வெளிச்சமே படாத இடத்தில் பதினோரு வருடம் வளர்ந்த விரல்கள். வெளுத்து, நீண்டு, கணுவுக்குமேல் கணுவாக.

“அக்கா! அழுத்துங்கக்கா!” மேசைமேல் கிடந்த தொலைபேசி கத்தியது.

அவள் திரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளையை மழையில் நிறுத்துவதா?

“நனையாத கண்ணு. இதோ வந்துட்டேன்.”

தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள். இரும்பு கையில் படவில்லை. பெட்டியின் வாயிலிருந்து புறப்பட்டுச் சுவரோரமாகவே நீண்டு வந்திருந்த அந்த விரல்கள், அவளுக்கு முன்பே தாழ்ப்பாளைப் பற்றியிருந்தன. ஈரமாக, சில்லென்று, அவள் கைக்காகக் காத்திருந்தன.